தாத்தா போடாத கையெழுத்து

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து வடக்கே நடந்தால் கொஞ்ச நேரத்தில் கோட்டக்குப்பம் வந்துவிடும். அதே ரோடு, அதே கடல் காற்று, ஆனால் அது தமிழ்நாடு. அந்த எல்லையில் மாறுவது பிராந்தி விலையும் பெட்ரோல் விலையும்தான் என்று நாற்பது வயது தாண்டும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். 2018இல் அப்பா தவறினார். வீட்டை விற்றுவிடலாம் என்று நானும் தம்பியும் பேச ஆரம்பித்தோம். செத்துப்போனவர் சொத்து யார் யாருக்குப் போகும் என்கிற சட்டமும் அங்கே மாறுகிறது, அதிலும் எங்கள் குடும்பத்துக்கு இன்னும் ஒரு படி கூடுதலாக மாறுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

பேப்பரெல்லாம் தாத்தாவின் தகரப்பெட்டியில் இருந்தது. கொள்ளுத்தாத்தா 1931இல் வீடு வாங்கிய பத்திரம் பிரெஞ்சில். 1951இல் எழுதிய இன்னொன்றும் பிரெஞ்சில், நொத்தேர் (பத்திரம் எழுதி உறுதிசெய்யும் பிரெஞ்சு அதிகாரி) முத்திரையோடு. மற்றதெல்லாம் தமிழும் இங்கிலீஷும்: மில் சம்பளச் சீட்டு, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது. அந்த 1951 பத்திரத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. தாத்தாவின் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பல் ஏறப்போன சமயம், "எனக்கு எதுக்குண்ணே வீடு, நீயே வெச்சிக்கோ" என்று தன் பாதியை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாராம். பாட்டி சொன்னாள், அப்பா சொன்னார், நாங்களும் சொன்னோம். அறுபத்தேழு வருஷமாக ஒருத்தரும் அதைப் படித்ததில்லை.

படிக்க ஆளில்லை. 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது அப்பாவுக்கு 6 வயது. 1956 மே மாதம் டெல்லியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக இருக்கும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1965இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து அதுவும் முடிந்தது. அப்பாவுக்குக் கடைசிவரை மிஞ்சியது 'போன்ழூர்', 'மெர்சி', அப்புறம் நூறுவரை எண்ணிக்கை. நான் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தவள்தான், மார்க்குக்காக. என் பெயர் இது, என் ஊர் இது, எனக்குப் பூனை பிடிக்கும் என்று எழுதி முக்கால்வாசி மார்க் வாங்கினேன். நொத்தேரின் கோழிக்கால் எழுத்துக்கு அது எந்த மூலைக்கு?

முதல் தப்பு என்னுடையது. போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கிற செயலியில் போட்டுப் பார்த்தேன். பாதி வரி குப்பையாக வந்தது. நடுவில் வீட்டு விலாசமும் சின்னத் தாத்தா பெயரும் 'அதிகாரம் கொடுக்கிறேன்' என்கிற மாதிரி ஒரு வார்த்தையும் வந்தது. புரோக்கர், "அதான் எழுதிக் குடுத்துட்டாருன்னு போட்ருக்கே, அப்புறம் இன்னாமா" என்றார். எனக்கும் அதுதானே வேண்டியிருந்தது? இரண்டு லட்சம் அட்வான்ஸ் வாங்கினோம்.

வாங்கிய பிறகுதான் முறையாக மொழிபெயர்த்து வைப்போம் என்று ஓய்வுபெற்ற ஒரு பிரெஞ்சு ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் மூன்று வரி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். "இது தானமில்லம்மா, ப்ரொக்யுராசியோன். பவர் பத்திரம். ஊர்ல இல்லாதப்ப வீட்டைப் பாத்துக்க, வாடகை வாங்க, வரி கட்ட அண்ணனுக்கு அதிகாரம் குடுத்திருக்கார். அவ்ளோதான்."

பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் போச்சு. சின்னத் தாத்தா 2003இல் பாரிஸ் பக்கத்தில் சார்செல் என்ற ஊரில் இறந்தார். ஆக, வீட்டில் பாதி அவர் பிள்ளைகளுடையது. அட்வான்ஸை அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்தோம், ஒரு மாத வட்டியோடு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றையாவது செய்யுங்கள்: பத்திரம் என்ன சொல்கிறது என்று வீட்டில் சொல்லும் கதையை நம்பாமல், கோர்ட்டில் செல்லுபடியாகும் மொழிபெயர்ப்பு ஒன்றை முதலில் கையில் வாங்குங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.

அடுத்து வக்கீல். அவர் பத்திரத்தைவிட அப்பாவின் பிறப்புப் பதிவைத்தான் அதிக நேரம் பார்த்தார். நாங்கள் கொண்டுபோனது நகராட்சி தரும் ஒரு பக்கச் சான்றிதழ். "இது போதாது. பதிவேட்டுல இருக்கிற மொத்தப் பதிவையும், ஓரத்துல எழுதின குறிப்போட நகல் கேளுங்க. தாத்தாவுக்கும் கேளுங்க" என்றார். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன 'எத்தா சிவீல்' முறையில் ஒருவரின் பிறப்புப் பதிவின் ஓரத்தில் பின்னால் நடந்ததெல்லாம் சேர்த்து எழுதப்படும். ஒரு மாத அலைச்சலுக்குப் பிறகு வந்த நகலில் தாத்தாவின் பெயருக்கு முன்னால் இன்னொரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. பிரெஞ்சில் அதற்கு 'சாந்தமானவர்' என்று பொருள். (தாத்தாவைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

"நீங்க ரெனோன்சான் குடும்பம். தெரியாதா?" என்றார் வக்கீல்.

அரைகுறையாகத் தெரியும். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த ஓர் ஆணை: இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம், ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும், வந்தபின் திரும்ப முடியாது, பிள்ளைகுட்டிக்கும் அது தொடரும். துறந்தவர் என்பதுதான் ரெனோன்சான். தாத்தாவின் தாத்தா 1884இல் துறந்திருக்கிறார். வெள்ளைக்காரன் பெயருக்கு ஆசைப்பட்டவர்கள் என்று இவர்களைக் கிண்டல் பண்ணுவது ஊரில் சகஜம். நானும் பண்ணியிருக்கிறேன். ஆனால் இந்த ஊரில்தான் 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பிய பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனது ஒரு குற்றமானது. அவரே பிறகு லப்போர்த் என்று பெயர் எடுத்து இந்தத் துறவுக்கு முன்னால் நின்றார். வக்கீலுக்கே அந்தக் கதி என்றால், சேரியிலிருந்து வந்த எங்கள் ஆளுக்கு, கேட்டால் சாதி தெரியாத ஒரு பெயர் என்னவாக இருந்திருக்கும்? அதில் ஆசையும் இருந்திருக்கும், தப்பிக்கிற அவசரமும் இருந்திருக்கும்.

அதே பெயர்தான் 1993இல் என் கழுத்தைப் பிடித்தது. கல்லூரியில் சேர சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது, அப்பாவின் பிறப்புச் சான்றில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு ஓர் அலுவலகத்தில், "இது கிறிஸ்டியன் பேராச்சே, நீங்க இந்துன்றீங்க" என்று ஏழு வாரம் இழுத்தடித்தார்கள். சாதியை மறைக்க எடுத்த பெயர், சாதியை நிரூபிக்க வேண்டிய நாளில் குறுக்கே நின்றது. அப்பா வாய் திறந்து பேசாதவர். அன்று கவுண்டர் முன்னால் நின்று குரல் உயர்த்தினார். எங்கள் தெரு அம்மன் கோயில் பூசாரியைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார்.

சரி, சொத்துக்கு வருகிறேன். பிரெஞ்சு ஆட்சியில் இங்கே இந்துக்களுக்குக் கடைப்பிடித்த வழக்கச் சட்டத்தில் மகனுக்குப் பிறப்பால் பங்கு கிடையாது. அப்பா இருக்கும்வரை அவரே முழு எஜமான். கோட்டக்குப்பத்தில் அப்படியில்லை. ரெனோன்சான்களுக்கு இதுவும் பொருந்தாது. அவர்களுக்கு 1804இல் நெப்போலியன் காலத்தில் வந்த சிவில் சட்டம். 1963இல் இந்துத் திருமணச் சட்டத்தையும் வாரிசுரிமைச் சட்டத்தையும் புதுச்சேரிக்கு நீட்டியபோது, ரெனோன்சான்களுக்கு இவை பொருந்தாது என்று தனியாக ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். நாங்கள் இந்தியக் குடிமக்கள், ஓட்டுப் போடுகிறோம், ஆதார் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டைப் பங்கு போட அந்தப் பழைய சட்டம். அதுவும் பிரான்சில் அப்புறம் செய்த திருத்தம் எதுவும் இங்கே வராது, உறைந்து போன வடிவம்தான் என்றார் வக்கீல்.

அந்தச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு.

அத்தைக்கு அப்போது 67 வயது. 1974இல் கல்யாணம். "நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு" என்று தாத்தா, அப்பா இருவருமே கணக்கை மூடியிருந்தார்கள். நானே ஒரு பெண், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். வீட்டை விற்கும் பேச்சில் அத்தையைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வக்கீல் சொன்னதைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டு முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"எனக்குப் பங்கு வேணும்னு நான் எப்பவாச்சும் கேட்டேனா?"

"இல்ல அத்த."

"வேணாம்னும் நான் சொல்லல இல்ல?" என்றார், காம்புகளைக் கூட்டி முறத்தில் போட்டபடி. "யாரும் கேக்கல."

காலனி ஆட்சியின் மிச்சமெல்லாம் கறை, துடைத்தால் தீர்ந்தது என்று மேடையில் பேசுவது சுலபம். அத்தைக்கு நாங்கள் கொடுக்காததை அந்த மிச்சம்தான் கொடுத்தது. அதற்காகக் காலனிக்காரனுக்கு நன்றி சொல்லவும் நான் தயாரில்லை. 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா மில்லில் துப்பாக்கிச் சூடு நடத்தி 12 தொழிலாளிகளைக் கொன்றதும் அதே ஆட்சிதான். தாத்தாவுக்கு அப்போது 17 வயது, ரோடியர் மில்லில் வேலை. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவின் கூட்டங்களுக்குப் போய் நின்றவர். ஒவ்வொரு ஜூலை 30ஆம் தேதியும் காலையில் சாப்பிடமாட்டார்.

அதனால்தான் 1962இல் தாத்தா கையெழுத்துப் போடவில்லை என்பது எங்கள் வீட்டின் இரண்டாவது கதை. 1954இல் கீழூரில் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்துச் சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி. அன்றிலிருந்து ஆறு மாதம் அவகாசம். இங்கே பிறந்து இங்கே குடியிருப்பவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக்கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தானாகவே இந்தியர். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நேர்மாறு: ஒன்றும் எழுதாவிட்டால் பிரெஞ்சுக்காரர். இங்கே மில்லில் இருந்த தாத்தாவும் அங்கே பட்டாளத்தில் இருந்த சின்னத் தாத்தாவும் இரண்டு பேருமே கையெழுத்துப் போடவில்லை. ஒருவர் இந்தியர் ஆனார், ஒருவர் பிரெஞ்சுக்காரராகவே இருந்தார். அப்பாவுக்கு 14 வயது; அப்பன் முடிவுதான் பிள்ளைக்கும்.

அதன் விலையை எங்கள் தெருவில் எல்லோரும் தினமும் பார்த்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த எதிர் வீட்டு சொல்தா தாத்தாவுக்கு மாதாமாதம் பிரான்சு பென்ஷன், ஜூலை 14க்கு மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போவார், பேரப்பிள்ளைகள் லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தார்கள். எங்கள் தாத்தாவுக்கு மில் கொடுத்த கிராஜுவிட்டி. அந்த மில்லும் 2020இல் மூடிவிட்டது.

இந்த ஏக்கத்தை வைத்துப் பிழைப்பவர்கள் உண்டு. 2015இல் தம்பி ஓர் ஏஜென்டிடம் 80,000 ரூபாய் கொடுத்தான். "தாத்தா பேர்ல பிரெஞ்சுப் பேரு இருக்கில்ல, நாசியோனாலித்தே வாங்கிரலாம்" என்றானாம் அந்த ஆள். ஒன்றும் வரவில்லை, ஆளும் இல்லை. ரெனோன்சான் என்பது எந்தச் சட்டம் பொருந்தும் என்கிற விஷயம், குடியுரிமை வேறு விஷயம் என்று வக்கீல் பிறகு பிரித்துச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: ஒரு குடும்பம் 50 வருஷத்துக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்து, அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்களாக வாழ்ந்ததற்கு அத்தாட்சியே இல்லையென்றால், வம்சவழியைக் காட்டி நிரூபிக்கும் கதவைப் பிரெஞ்சுச் சட்டம் மூடிவிடுகிறது. 1962இலிருந்து எண்ணினால் 2012. தம்பி பணம் கொடுத்தது மூடி மூன்று வருஷம் ஆன கதவுக்கு.

வேலையைப் பற்றிச் சொல்வதென்றால், பாதி நாள் பெயரிலேயே போனது. முருகன் என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில் 'மு'வுக்கு எம், யு. பிரெஞ்சில் எம், ஓ, யு. கடைசி 'ன்' ஒலிக்க வேண்டுமென்று ஓர் 'இ' வேறு ஒட்டிக்கொள்ளும். எங்கள் தாத்தா எத்தா சிவீலில் ஓர் எழுத்துக்கூட்டல், மில்லில் ஒன்று, வீட்டு வரியில் ஒன்று, ரேஷன் கார்டில் தமிழில் அப்பன் இனிஷியலோடு ஒன்று. கம்ப்யூட்டருக்கு அவர் நான்கு பேர். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, எந்தப் பேப்பரில், எந்த வருஷம், எந்த எழுத்துக்கூட்டல் என்று எழுதினேன். நான்கும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் தயாரிக்க அந்த ஒரு பக்கம்தான் உதவியது. பெரியவர்கள் இருக்கும்போதே இந்தக் கட்டத்தைப் போட்டுவிடுங்கள். எதையும் லேமினேட் செய்யாதீர்கள். பின்பக்க முத்திரையைப் பார்க்க முடியாமல் போகும்.

வக்கீலின் ஜூனியர் ஒரு குறுக்கு வழி சொன்னார்: பிரான்சில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்ததே இல்லையே, இத்தனை வருஷம் வீடு உங்கள் அனுபவத்திலேயே இருந்ததைச் சொல்லி, முழுதும் உங்களுக்கே என்று வழக்குப் போடலாம் என்று. கூட்டுச் சொந்தக்காரர் விஷயத்தில் அது லேசில் நிற்காது என்று சீனியரே சொல்லிவிட்டார். நின்றிருந்தால் என்ன செய்திருப்போம் என்று தம்பியிடம் நான் கேட்கவில்லை.

சார்செலில் சின்னத் தாத்தாவின் மூத்த மகள் இருக்கிறார். எனக்கு அவரும் அத்தைதான். 1954இல் சைகோனில் பிறந்தவர். பேசும் தமிழ் அடுப்படித் தமிழ்: சாப்பிடு, வா, எத்தனை மணி, அழாதே. படிக்கத் தெரியாது. முதல் போனில் நாங்கள் ஏமாற்ற வருகிறோம் என்று நினைத்தார். 1951 பத்திரத்தின் படத்தை அப்படியே அனுப்பினேன், உங்களுக்குப் பாதி இருக்கிறது என்று நானே சொன்னேன். அவர் அதைப் பத்து நிமிஷத்தில் படித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். நாங்கள் அறுபத்தேழு வருஷம் படிக்காததை.

அப்புறம் எல்லாம் நடந்தது. அங்கேயிருந்து சின்னத் தாத்தாவின் பிள்ளைகள் மூன்று பேரும் நொத்தேர் முன்னால் பவர் எழுதி, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்தீல் முத்திரை வாங்கி அனுப்பினார்கள். அப்படி வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். எங்களுக்கு ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தது. 2022இல் வீடு விற்றது. பாதி அவர்களுக்கு, கால் அத்தைக்கு, கால் எங்கள் இருவருக்கும். அத்தை தன் பணத்தில் முதலில் வாங்கியது ஒரு மிக்ஸி.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சார்செல் அத்தை வாட்ஸப்பில் வீடியோவில் வந்தார். மடியில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே கடிதங்கள், நீல இன்லண்ட் மாதிரி விமானத்தபால் தாள்கள். "அப்பா வெச்சது. தமிழ். எனக்குத் தெரியாது. நீ படி." ஒவ்வொன்றாகக் காமிராவில் காட்டினார். எல்லாம் தாத்தாவின் கையெழுத்து. மழை, மில் ஸ்ட்ரைக், அம்மாவுக்குக் கண் சரியில்லை, ஐம்பது ரூபாய் வந்து சேர்ந்தது.

ஒன்றில் தேதி 1963 மார்ச். எங்கள் அத்தை என் பக்கத்தில் இருந்தார், சத்தமாகப் படித்தேன்.

"நீ கேட்டபடிக்கு கொன்சுலா ஆபீசுக்கு ரெண்டு நாள் லீவு போட்டுப் போயி உக்காந்திருந்தேன். எம்பேரக் கூப்பிடவே இல்ல. ரெண்டாம் நாள் சாயங்காலம் ஒருத்தன் சொல்லித்தான் தெரிஞ்சுது, அவன் கூப்பிட்டுக்கிட்டே இருந்தது நம்ம பாட்டன் பேரு. அது எம்பேருன்னு எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் போவத் தோணல. தப்பா எடுத்துக்காத."

எங்கள் அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் சார்செல் அத்தை, "என்ன எழுதியிருக்கு? கெட்டதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எந்த வார்த்தை அவருக்குத் தெரியும் என்று தேடித்தேடிச் சொன்னேன்: தாத்தா போனார், உட்கார்ந்தார், பெயர் கூப்பிட்டார்கள், தெரியவில்லை, வந்துவிட்டார்.

"எந்தப் பேரு?" என்றார். சொன்னேன். தன் பாஸ்போர்ட்டில் இருக்கிற, அறுபத்தெட்டு வருஷமாகத் தன்னைக் கூப்பிடுகிற அந்தப் பெயரை அவர் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு டின்னுக்குள் கை விட்டு அடுத்த கடிதத்தை எடுத்துத் தலைகீழாகக் காமிராவில் காட்டினார். திருப்பச் சொன்னேன்.